கெப் பின்னால 230 வோல்ட்: இன்வேர்ட்டரா, பவர் ஸ்டேஷனா, ஜெனரேட்டரா?

நானும் மச்சானும் அலுமினியம் பார்ட்டிஷன், கடை முகப்பு வேலை செய்யிறம். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை எண்டு சில நாளைக்கு ரெண்டு சைட், மூண்டு சைட். புதுக் கட்டடமெண்டா கரண்ட் வந்திருக்காது, பழைய கடையெண்டா பெயின்ட் வேலைக்காக மெயின் சுவிட்சை இறக்கி வச்சிருப்பினம், பக்கத்துக் கடையில கேட்டா முதல் தரம் சிரிச்சுக்கொண்டு தருவினம், ரெண்டாம் தரம் முகம் மாறும். அதால எங்கட டபுள் கெப்பிலயே, ரெண்டு வரிசை சீட்டுள்ள பிக்கப்பிலயே, பின்னால ஒரு பிளக் பொயின்ட் வேணும் எண்டு இறங்கி, ரெண்டு வருஷத்தில மூண்டு வழியையும் பாவிச்சுப் பாத்திட்டன். காசு கொஞ்சம் வீணாப் போனது. அதைவிடப் பெரிய விஷயம் ஒரு நாள் வண்டி எரிஞ்சிருக்கும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

முதல்ல ஒண்டு. யூட்யூப்பில பாக்கிற அமெரிக்க பிக்கப்புகளைப் பாத்து மயங்காதேங்கோ. ஃபோர்ட் எஃப்-150இல கொம்பனியே பின் ட்ரேயில பொயின்ட் வச்சு 2 கிலோவாட், ஹைப்ரிட்டுக்கு 7.2 கிலோவாட் வரைக்கும் குடுக்குது, ரொயோட்டா டக்கோமாவில 400 வாட் பொயின்ட் வருது, ஆனா அதெல்லாம் அவையின்ர 60 ஹேர்ட்ஸ், பொயின்ட் பெரும்பாலும் 120 வோல்ட். எங்கட கிரைண்டருக்கு வேணும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். போதாக்குறைக்கு 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது, அதால இஞ்ச வேலைக்கு ஓடுற கெப்பில முக்கால்வாசி பழசு. நாங்களாத்தான் பூட்ட வேணும்.

இன்வேர்ட்டரை எடுத்துக்கொள்ளுவம், வண்டி பற்றரியின்ர 12 வோல்ட் டிசியை 230 வோல்ட் ஏசியா மாத்திற பெட்டி. கடையில போனா 1000 வாட்டா 2000 வாட்டா 3000 வாட்டா எண்டுதான் கேப்பினம். நானும் அப்பிடித்தான் முதல்ல 2000 வாட் வாங்கினன், ஒரு கராஜில குடுத்துப் பூட்டினன், அவையள் பின் ட்ரேயில இருக்கிற டூல் பெட்டிக்குள்ள இன்வேர்ட்டரை வச்சு, முன்னால பற்றரியிலிருந்து அஞ்சு மீட்டர் தூரம் 16 எம்எம் கேபிள் இழுத்தவை. பாக்க நல்ல நீற்றா இருந்தது. ரெண்டாம் நாள் 1650 வாட் கட்டிங் மெஷினை ஓன் பண்ணினா உடனே பீப் பீப் எண்டு கத்தி நிண்டுபோச்சு. பற்றரி பழுது எண்டு நினைச்சு பஞ்சிகாவத்தையில புதுப் பற்றரி போட்டன், அப்பவும் அதே கதைதான்.

பிறகுதான் ஒரு பழைய வயர்மேன் அண்ணை பேப்பரில கணக்குப் போட்டுக் காட்டினவர். 1000 வாட் சாமானை 12 வோல்ட்டில ஓட்டினா இன்வேர்ட்டரின்ர நட்டத்தோட சேத்து 90 அம்பியருக்கு மேல இழுக்கும். அதே 1000 வாட் 230 வோல்ட்டா மாறினாப் பிறகு வெறும் 4.3 அம்பியர். என்ர கட்டிங் மெஷினுக்கு 12 வோல்ட் பக்கம் 150 அம்பியர் தாண்டுது, போக அஞ்சு மீட்டர், வர அஞ்சு மீட்டர், பத்து மீட்டர் 16 எம்எம் செம்பில ஒண்டரை வோல்ட்டுக்கு மேல வயரிலயே சூடாப் போகுது. பற்றரியில 12.4 இருந்தாலும் இன்வேர்ட்டருக்குப் போய்ச் சேருறது 10.8 மாதிரி, ஸ்டார்ட் எடுக்கேக்க இன்னும் கீழ. கனக்க இன்வேர்ட்டர் பத்து, பத்தரை வோல்ட்டில கட் ஆகும். பற்றரியில ஒரு பிழையும் இல்லை.

அந்த ஒரு கணக்கில எல்லாம் விளங்கிட்டுது. தடிச்ச டிசி வயரைக் கட்டையா வை, மெல்லிய ஏசி வயரை நீளமா இழு. இன்வேர்ட்டரைப் பின் ட்ரேயில வைக்கிறதை விட கபினுக்குள்ள, பின் சீட்டுக்குப் பின்னால வைச்சா டிசி தூரம் மூண்டு மீட்டர்தான், 35 எம்எம் கேபிளில 1000 வாட்டுக்கு இழப்பு 0.3 வோல்ட். அங்கயிருந்து பின் ட்ரே பொயின்டுக்கு 1.5 எம்எம் மூண்டு கோர் வயர் போதும், அதில இழப்பு கணக்கிலயே வராது. மழையும் படாது, தூசும் குறைவு. ட்ரேயில வைக்கிறதுக்கு ஒரே ஒரு நல்லது இருக்கு, ஃபேன் சத்தம் காதில விழாது. மற்றப்படி எனக்கு ஒரு காரணமும் தெரியேல்லை.

கபினுக்குள்ள வைக்கிறதில ஒரு பிரச்சினை சூடு. கொழும்பு வெய்யிலில கண்ணாடி மூடி நிப்பாட்டின கெப்புக்குள்ள கை வைக்கேலாது. இன்வேர்ட்டரில எழுதியிருக்கிற வாட் எல்லாம் 25 பாகைக்குச் சொல்லுறது, உதாரணத்துக்கு விக்ட்ரோன் ஃபீனிக்ஸ் 1200ஐ எடுத்தா 25 பாகையில 1000 வாட், 40 பாகையில 850. அதை வெளிப்படையா எழுதுற கொம்பனியளை நான் நம்புவன், சின்னப் பெட்டியில பெரிசா 3000 எண்டு மட்டும் எழுதியிருக்கிறதை நம்பமாட்டன். நாலு பக்கமும் காத்து போக இடம் விட்டு, வேலை நடக்கேக்க கண்ணாடியை இறக்கி விடுங்கோ.

இப்ப அந்த வண்டி எரியப் பாத்த கதை. அதே கராஜ்தான் பற்றரி பொசிட்டிவில ஃபியூஸ் போடேல்லை, இன்வேர்ட்டர் பக்கத்தில மட்டும் போட்டிருந்தவை. கேபிள் கபினுக்கு அடியால வாற இடத்தில தகட்டு விளிம்பில உரசி உரசித் தோல் போட்டுது. காலி வீதியில பம்பலப்பிட்டி தாண்டேக்க பிளாஸ்டிக் எரியிற மணம், பின் சீட்டில அக்காவின்ர மகன் இருக்கிறான், நான் நிப்பாட்டி பொனட்டைத் திறந்து பற்றரி டெர்மினலைக் கழட்டுறதுக்குள்ள கை நடுங்கிப்போச்சு. ஃபியூஸ் இருக்கிறது வயரைக் காப்பாத்த, இன்வேர்ட்டரைக் காப்பாத்த இல்லை. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்க வேணும், 35 எம்எம் கேபிளில 1000 வாட்டுக்கு 150 அம்பியர் ஃபியூஸ் போதும். தகட்டை ஊடறுக்கிற இடமெல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம். இதில மட்டும் ஒருதருக்கும் விட்டுக்குடுக்காதேங்கோ, பூட்டுற பாஸ் எவ்வளவு அனுபவமுள்ள ஆளெண்டாலும் குனிஞ்சு நீங்களே பாருங்கோ.

இன்வேர்ட்டர் தாற ஏசி அலை படிப்படியா வெட்டின மொடிஃபைட் சைன் வகையா, வீட்டுக் கரண்ட் மாதிரி வழுவழுப்பான பியூர் சைன் வகையா எண்ட கேள்விக்கு நிறையக் கதைக்கத் தேவையில்லை, பியூர் சைன்தான். மலிவு எண்டு மொடிஃபைட் எடுத்தா மோட்டர் சூடாகும், ஸ்பீட் கொன்ட்ரோல் உள்ள கிரைண்டர் ஒழுங்கா ஓடாது, என்ர றில் பற்றரி சார்ஜர் ஒண்டு அதில செத்தது.

அடுத்தது எஞ்சின் ஓட வேணுமா எண்டது. எஞ்சின் ஓடேக்க பற்றரியைச் சார்ஜ் பண்ணுற அல்டர்னேட்டர் டீசல் கெப்பில பொதுவா 80இலிருந்து 120 அம்பியர், ஐட்லிங்கில அந்த முழுசும் வராது, வாறதில ஒரு பங்கு வண்டிக்கே போயிடும். அப்ப 2000 வாட் இன்வேர்ட்டர் எண்டது அல்டர்னேட்டர் தாற கரண்டை விட ரெண்டு மடங்கு கேக்கிற சாமான், மிச்சம் முழுக்க பற்றரியிலிருந்துதான் போகும். அதால எனக்கு 2000 வாட்டில நம்பிக்கை போட்டுது. ஆனா வேலையை நேரத்தில கணக்குப் பாருங்கோ. 700 வாட் றில்லால சுவரில ஒரு ஓட்டை போட பதினைஞ்சு செக்கன் எண்டு வச்சா 3 வாட் அவர், அறுபது ஓட்டைக்கு நட்டத்தோட 200 வாட் அவர், பற்றரியில 17 அம்பியர் அவர். 80 அம்பியர் அவர் பற்றரிக்கு அது தாங்கும், இடையில கொஞ்ச நேரம் எஞ்சினைப் போட்டா இன்னும் நல்லது. ஸ்டார்ட் பற்றரி அடிக்கடி ஆழமா இறங்கினா சீக்கிரம் சாகும், அதால இன்வேர்ட்டர் தானா கட் ஆகிறதை நம்பாம 12.2க்குக் கீழ போகேக்கயே நான் எஞ்சினைப் போட்டிடுவன். ரெண்டாம் பற்றரி லிதியம் போடலாம், வண்டி ஓடேக்க அதை அளவாச் சார்ஜ் பண்ணுற டிசி டு டிசி சார்ஜரோட, நல்ல வழிதான், ஆனா அந்தக் காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா பவர் ஸ்டேஷனே வாங்கலாம்.

பவர் ஸ்டேஷன் எண்டது பற்றரியும் இன்வேர்ட்டரும் ஒண்டா இருக்கிற, கையில தூக்கிற பெட்டி, மச்சான் ஈகோஃப்ளோ டெல்டா 2 எடுத்தவன். 1024 வாட் அவர், 1800 வாட் குடுக்கும், 12 கிலோ. இன்வேர்ட்டர் ஒரு நாளும் செய்யேலாத ஒண்டை இது செய்யுது, மாடிக்கு ஏறும். இதை நான் முதல்ல யோசிக்கவே இல்லை. கொழும்பில சைட் வாசலில வண்டி நிப்பாட்ட எங்க இடம் இருக்கு? காலி வீதியில நிப்பாட்டினா பொலிஸ் வருவான், புறக்கோட்டையில எண்டா சந்து சந்தாப் போக வேணும், கெப் ஒரு ஒழுங்கையில நிக்க வேலை நாலாம் மாடியில. முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தும் எட்டாத இடமெல்லாம் இருக்கு. அந்த மாதிரி சைட்டில பவர் ஸ்டேஷனை அடிக்க ஒண்டும் இல்லை, நான் மனசார ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா முடிஞ்சா முடிஞ்சதுதான். வீட்டில பிளக்கில போட்டா ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள நிறையும், வண்டி லைட்டர் சொக்கட்டில போட்டா 100 வாட் மாதிரித்தான் ஏறும், பத்து மணித்தியாலத்துக்கு மேல. மத்தியானம் முடிஞ்சா அண்டைக்கு வேலை சரி. 45 பாகைக்கு மேல பாவிக்கக் கூடாது எண்டும் போட்டிருக்கு, அதால அதை வெய்யிலில கெப்புக்குள்ள பூட்டி வச்சிட்டுச் சாப்பிடப் போகாதேங்கோ. களவு போற பயம் வேற.

ஜெனரேட்டர் பற்றி நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லுவன். ஹொண்டா ஈயூ22ஐ நல்ல மெஷின், தொடர்ந்து 1800 வாட், 21 கிலோ, 3.6 லீட்டர் டேங்க், முழு லோடில மூண்டு மணித்தியாலம் ஓடும், பெற்றோல் ஊத்த ஊத்த ஓடிக்கொண்டே இருக்கும். வெல்டிங் செய்யிற ஆக்கள், நாள் முழுக்கக் கட்டிங் மெஷின் ஓட்டுற ஆக்கள் வேற வழி பாக்கத் தேவையில்லை. ஆனா 2022ஐ நாங்கள் மறக்கேலுமா, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு, ஜெனரேட்டர் வச்சிருந்தவனிட்ட பெற்றோல் இல்லை, ஜூலையில பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா முறை வந்தாப் பிறகும் வண்டிக்குக் கிடைச்ச கோட்டாவையே எண்ணி எண்ணி ஓடினம். அதோட வெள்ளவத்தை ஃப்ளாட்டுகளுக்கு நடுவில பின்னேரம் போட்டா மேல் மாடியிலிருந்து சத்தம் போடுவினம், அவையைப் பிழை சொல்லேலாது. பின் ட்ரேக்கு மேல பூட்டுற மூடின கனோப்பிக்குள்ளயோ ஷட்டர் இழுத்த கடைக்குள்ளயோ ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலைச்சுத்து எண்டு இருந்தா ஆள் எழும்பமாட்டான்.

இப்ப எங்கட கெப்பில இருக்கிறது பின் சீட்டுக்குப் பின்னால 1000 வாட் பியூர் சைன், பின் ட்ரே உட்பக்கச் சுவரில தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில தூசும் தண்ணியும் போகாத, மூடி போட்ட ஐபி 66 பெட்டியில 13 அம்பியர் சதுர முள் பொயின்ட். வயர் பெட்டிக்குக் கீழால உள்ள போகுது, மேலால போனா மே மாச மழையில தண்ணி வயரோடயே இறங்கும். கடல் காத்துக்கு வயர் நுனியில பூட்டுற லக் எல்லாம் ஈயம் பூசினது, இல்லாட்டி ஆறு மாசத்தில பச்சை பிடிக்கும். மாடி வேலைக்கு மச்சானின்ர பவர் ஸ்டேஷன். கட்டிங் மெஷினை வண்டியில ஏத்துறதையே விட்டிட்டம், அளவு எடுத்து வந்து பட்டறையில வெட்டுறம்.

கடைசியா ட்ரிப் சுவிட்ச், கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச். வீட்டில மாதிரி ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சைப் பொயின்டுக்கு முன்னால போட்டிட்டு டெஸ்ட் பட்டனை அமத்திப் பாத்து விழுந்திட்டுது எண்டு சந்தோஷப்படாதேங்கோ. இன்வேர்ட்டரின்ர நியூட்ரல் எர்த்தோட இணைபட்டிருக்காட்டி கிரைண்டர் பொடியில கரண்ட் வந்தாலும் அது விழாது, ஆனா டெஸ்ட் பட்டன் அப்பவும் வேலை செய்யும், ஏனெண்டா அது எர்த்தைத் தொடுறதே இல்லை. விக்ட்ரோன் மாதிரிச் சிலதில அந்த இணைப்பைச் செய்ய மனுவலில வழி குடுத்திருக்கு, மலிவான பலதில நீங்கள் இணைச்சா இன்வேர்ட்டரே வெடிக்கும், அதால வாங்க முதல் மனுவலைக் கேட்டு அந்தப் பக்கத்தை வாசியுங்கோ. நான் சொக்கட் டெஸ்டர் ஒண்டை, லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில ட்ரிப்பைச் சோதிக்கிற வகை, டாஷ்போர்டிலயே வச்சிருக்கிறன். மழை நாளில வேலை துவங்க முதல் பின் பொயின்டில குத்தி அமத்திப் பாப்பம், விழாட்டி அண்டைக்குக் கிரைண்டரை வெளிய எடுக்கிறேல்லை.