காலிக் கட்டில் இருந்தும் இடமில்லை

லண்டனிலிருந்து பிள்ளையோடு சிங்கப்பூருக்கு வந்திருந்தேன். தேக்கா கடைத்தெரு, அத்தை வீட்டு விருந்து எல்லாம் வழக்கம்போலத்தான், அதை விடுங்கள். சின்னவனுக்குச் சளி முற்றி மூச்சு இழுக்க ஆரம்பித்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்கென்றே அவசரப் பிரிவு இருப்பது கேகே மகளிர் சிறுவர் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இரண்டில்தான். அதில் ஒன்றுக்கு ஓடினோம். பதிவு, பரிசோதனை எல்லாம் மளமளவென்று முடிந்தன. லண்டனில் இந்த வேகத்தை நான் பார்த்ததே இல்லை. “ஆர்எஸ்வி, வார்டில் சேர்க்கணும்” என்றார் டாக்டர். சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் கிருமி அது. அதோடு எல்லாம் நின்றுபோனது. இரவு முழுக்க அவன் தள்ளுகட்டிலில், நான் நாற்காலியில்.

விடிந்ததும் மிஸ்ஸியைப் பிடித்தேன்; நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பெண். “கட்டில் இருக்குக்கா. ஆனா அந்த ரூம்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு இன்ஃப்ளூயன்சா. அங்க போட்டா உங்க பையன் அதையும் வாங்கிக்குவான்.” ஒரே கிருமி உள்ளவர்களைத்தான் ஒன்றாகப் போடுவார்களாம். காலை ரவுண்டில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்ன பிள்ளைகூட, மருந்து வந்து, பில் முடிந்து, அப்பா வேலை விட்டு வந்து கூட்டிப்போகச் சாயங்காலமாகிவிடும். அப்புறம் கட்டிலைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரியவர்கள் வார்டில் இடமிருந்தாலும் உதவாது; கருவியும் வேறு, நர்ஸுக்கான பயிற்சியும் வேறு.

காரணம் நியாயம்தான். ஆனால் இதை நான் போய்க் கேட்டால்தான் சொல்வதா? சுவரில் அவ்வளவு பெரிய திரை, அதில் ஓடுவது வரிசை எண் மட்டும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு நாலு மணி நேரக் கெடு உண்டு. அதை அவர்கள் காப்பாற்றும் லட்சணம் வேறு கதை. கேள்வி கேட்க ஒரு கணக்காவது இருக்கிறது.

அம்மாவுக்கு இது ஒரு குறையே இல்லை. அவர் பிறந்த 1966ல் பழைய கேகேயில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸில் ஏறிய எண்ணிக்கை. “எங்கம்மா கட்டில் எங்கேன்னா சண்டை போட்டாங்க?” என்கிறார்.

வார்டு சிகிச்சையை வீட்டிலேயே தருவது 2024 ஏப்ரலிலிருந்து பொது மருத்துவமனைகளில் வழக்கமான சேவையாகிவிட்டது. டாக்டர் வீடியோவில் பார்ப்பார், மிஸ்ஸி வீட்டுக்கு வருவார். சின்னவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டதால் அது சரிப்படவில்லை. ஒருவழியாக மாலையில் வார்டில் இடம் கிடைத்தது.

பில்லா? நான் சிங்கப்பூரர், அவனிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். மானியம் ஒரு காசு கிடையாது. பிள்ளையோடு ஊருக்கு வருகிறவர்கள் பயணக் காப்புறுதி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.