கைடு யார்: கல்வெட்டு ஐயாவா, நிலப்பட மேடமா?

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவன் நான். 2018 ஜனவரியில் பதிவு, 2024-ல் பட்டம். ஏரிகள்தான் தலைப்பு. கல்வெட்டில் பெயர் வரும் ஏரிகளில் எவை இன்றும் தண்ணீர் தேக்குகின்றன, எவை தூர்ந்துபோயின, எவை மனைப்பிரிவு ஆகிவிட்டன என்று பார்க்கும் வேலை. ஆய்வு வழிகாட்டியாக, அதாவது கைடாக, இருக்க ஒரே துறையில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். இப்போது வருடத்துக்கு நாலைந்து பேராவது "சார், சீனியர்கிட்ட போகலாமா, புதுசா வந்தவங்ககிட்ட போகலாமா?" என்று போன் செய்கிறார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். என் சாய்வு இளையவர் பக்கம்தான், ஒளிக்கவில்லை.

முதலில் பெரியவர். ஐயா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். எம்.ஏ. வரலாறு, கல்வெட்டியலில் பட்டயம், பாண்டியர் கல்வெட்டுகளில் முனைவர் பட்டம், முப்பது வருட வகுப்பறை. வட்டெழுத்தும் கிரந்தமும் அவருக்கு நாளிதழ் மாதிரி. ஒரு நாள் ஒரு தூம்புக் கல்லின் (ஏரி மதகின் கல்) மைப்படியை, அதாவது எழுத்தின் மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படியை, அவர் மேசையில் விரித்தேன், தலைகீழாக. நான் திருப்பி வைப்பதற்குள் "இது நன்கொடை இல்லப்பா, செஞ்சவன் பேரு. கடைசி வரியப் பாரு" என்றார். நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டிய வரி அது. குமிழித் தூம்பு பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏரிக்குள் இரண்டு கல் தூண், நடுவே துளை போட்ட பலகைக் கல், அதன் வழியே கரைக்கு அடியில் போகும் கால்வாய். அந்தத் தூண்களில்தான் யார் செய்து வைத்தார் என்பது பொறித்திருக்கும். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் தொகுப்பு 1929-லேயே அச்சாகிவிட்டது. அதில் எந்தப் பாடம் நம்பத்தக்கது, எதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஐயா மனப்பாடமாகச் சொல்வார். என் தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இது வெளிப்படையான விஷயம், இதை நீட்ட வேண்டாம்.

அடுத்தவர் உதவிப் பேராசிரியர், என்னைவிட இரண்டு வயது இளையவர். இளங்கலை புவியியல், அதன்பிறகு வரலாற்றுக்கு மாறி எம்.ஏ.வும் முனைவர் பட்டமும். அவர் ஆய்வு 19ஆம் நூற்றாண்டு நீர்ப்பாசனம் பற்றியது. துறையின் இணையப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'ஆர்வத் துறைகள்' என்று ஏழோ எட்டோ போட்டிருந்தது. அதை யாரும் அப்படியே நம்ப வேண்டாம். வேலையில் சேர்ந்த வருடம் எழுதியது பத்து வருடம் அப்படியே கிடக்கும். அவர் உண்மையில் என்ன நடத்துகிறார் என்று பாருங்கள். மேடம் நடத்திய தாள்கள் இரண்டு: வரலாற்றுப் புவியியல், ஆய்வு முறையியல். இரண்டாவது தாளைத் துறையில் வேறு யாரும் விரும்பி எடுப்பதில்லை. விரும்பி எடுக்கிற ஆள் கைடாக வந்தால் உங்கள் முதல் இயல் பாதி எழுதின மாதிரி.

அவர் அறைக்கு முதல் தடவை போனபோது மேசையில் இரண்டு டோப்போ ஷீட் (நில அளவை வரைபடத் தாள்) கிடந்தன. ஒன்று ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் போட்ட பழையது, இன்னொன்று 1:50,000. ஒரே ஊர். பழையதில் நீலமாக இருந்த ஒரு சின்ன ஏரி புதியதில் வெறும் கரைக்கோடாக இருந்தது. பக்கத்தில் கணினியில் செயற்கைக்கோள் படங்கள் காட்டும் இஸ்ரோவின் புவன் தளம். அதில் அந்தக் கரைக்கோட்டையும் தேட வேண்டியிருந்தது. "சார், இந்த ஏரிக்குக் கல்வெட்டுல என்ன பேரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் தெரியாது, கண்டுபிடிச்சா சொல்லுங்க" என்றார். கைடு ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதியை முடித்தது அறிவும் இல்லை, குணமும் இல்லை. ஓய்வு தேதி.

எங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம், ஆசிரியர்களுக்கு ஓய்வு வயது 60. ஐயாவுக்கு 2022 ஜூனில் முடிகிறது. நான் பதிவு செய்யும்போது நாலரை வருடம் மீதி. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள். முதல் வருடம் கோர்ஸ் வொர்க் என்ற கட்டாய வகுப்புகள், அதன் தேர்வு, தலைப்பை உறுதி செய்வது என்று போய்விடும். எனக்குக் களப்பணி கோடையில் மட்டும்தான். தண்ணீர் வற்றினால்தான் ஏரிக்குள் இறங்கித் தூம்புத் தூணைப் பார்க்க முடியும், பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அதாவது வருடத்துக்கு ஒரு பருவம். 2019 கோடை நல்லபடியாகப் போயிற்று. 2020 கோடையை ஊரடங்கு தின்றது. 2021 கோடையை இரண்டாவது அலை தின்றது. 2022 மே மாதம் மறுபடி ஏரிக்குள் இறங்கினேன். ஐயாவின் பிரிவு உபசார விழா அதற்கடுத்த மாதம். நான் அவரிடம் பதிந்திருந்தால் பாதித் தரவோடு கைடு இல்லாமல் நின்றிருப்பேன்.

கொரோனா எல்லாருக்கும் வந்ததுதானே என்பீர்கள். சரி, கொரோனா வேண்டாம். கல்யாணம், பிரசவம், இடமாற்றம், தேர்தல் பணி, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. ஏதோ ஒன்று வரும். விதிகளே அதை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 சேர்ந்து 10 வருடம் வரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு தனி. மாணவருக்கு இவ்வளவு நீட்டிப்பு உண்டு. கைடின் ஓய்வு தேதிக்கு நீட்டிப்பு கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகும் பெரியவர்தானே பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று சிலர் நினைக்கிறார்கள். அதே 2022 விதி சொல்வது: ஓய்வுக்கு 3 வருடத்துக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஓய்வு வரை வழிகாட்டலாம், அதன்பின் இணை வழிகாட்டியாக மட்டும் தொடரலாம், அதுவும் 70 வயது வரை. 3 வருடம் 2 மாதம் மீதி உள்ளவர் உங்களைச் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள். விதியில் இடம் இருப்பதால் மட்டும் வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடாது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி ஐயாவிடம்தான் பதிந்தாள், எனக்கு ஒரு வருடம் முன்னால், முழு நேரமாக, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையோடு. நடுவே குழந்தை. அவர் ஓய்வு பெற்றபோது நாலாவது இயலில் இருந்தாள். அதன்பின் நடந்தது இது. பழைய கைடின் தடையின்மைக் கடிதம், புதிய கைடின் சம்மதக் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, குழு கூட்டம், குழு ஒத்திவைப்பு. புது ஆய்வு மாணவரை எடுக்கக் காலி இடம் இருந்த ஒரே பேராசிரியர் விடுதலைப் போராட்ட வரலாற்றுக்காரர். அவர் நல்லவர்தான், ஆனால் தன் பெயர் அட்டையில் வரப்போகிற ஆய்வேட்டைத் தானே முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று இயல்களை மறுபடி எழுதினாள், 14 மாதம் போயிற்று. இதற்குள் உதவித்தொகையின் 5 வருடமும் முடிந்துவிட்டது. இன்றும் ஐயாவைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டாள். தேதியைத்தான் திட்டுவாள்.

இளையவரிடம் போனதில் இழப்பே இல்லையா? நிறைய உண்டு. என் கல்வெட்டு இயல் மூன்று தடவை திரும்பி வந்தது, மூன்று தடவையும் மேடத்திடமிருந்து அல்ல, என் ஆய்வை மேற்பார்க்கும் குழுவிடமிருந்து. அவருக்கு அந்த எழுத்து தெரியாது. தெரியும் என்று நடிக்கவும் மாட்டார். வட்டெழுத்தை நான் தனியாக, சனி ஞாயிறுகளில், பல்லைக் கடித்துக் கற்றுக்கொண்டேன். இன்னொன்று, பெயர். ஐயாவின் மாணவன் என்று சொன்னால் கருத்தரங்கில் நாற்காலி கிடைக்கும். மேடத்தின் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்பார்கள். வேலைக்கான நேர்காணலில் அது எவ்வளவு கனம் பெறும் என்று நான் சொல்வது சரியாக இருக்காது, ஏனென்றால் நான் பள்ளி வேலையிலேயே இருக்கிறேன். கல்லூரி நேர்காணல் எதற்கும் போனதில்லை.

ஐயாவை முழுக்க விடவும் இல்லை. ஆய்வுக் குழுவில் கைடைத் தவிர நிபுணர்களும் இருப்பார்கள் அல்லவா? மேடமே சொன்னார், "ஐயாவைக் கமிட்டியில கேட்போம் சார், கோவிச்சுக்க மாட்டார்." கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து உட்கார்ந்து என் வாசிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதுதான் எனக்குத் தேவைப்பட்டதும். அவர் ஓய்வு பெற்றதும் குழுவில் ஒரு பெயரை மாற்ற வேண்டியிருந்தது, ஒரே ஒரு கடிதத்தில் முடிந்தது. கைடு மாறுவதற்கும் குழு உறுப்பினர் மாறுவதற்கும் உள்ள தூரம் இதுதான். உங்கள் தலைப்பு இரண்டு துறைக்கு நடுவில் விழுந்தால் இந்த ஏற்பாட்டை முதல் நாளே பேசிவிடுங்கள்.

காலி இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்கள் வரை, இணைப் பேராசிரியர் 6 பேர் வரை, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டு இடம் உள்ளவரிடம் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கும் என்பது சின்னக் கணக்கு. நான் மேடத்தின் இரண்டாவது மாணவன். கொடுத்த இயல் பத்து, பன்னிரண்டு நாளில் பென்சில் குறிப்போடு திரும்பி வரும். ஐயாவிடம் தோழியின் இயல் மூன்று மாதம் மேசையில் இருந்ததுண்டு, மேலே இன்னும் நாலு பேருடையது.

இதெல்லாம் வரலாறு மாதிரி கலைத் துறைகளில் பார்த்தது. வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் மாதிரி ஆய்வகம் சார்ந்த துறைகளில் பெரியவரிடம்தான் கருவியும் திட்ட நிதியும் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே என் கணக்கு தலைகீழாகவும் ஆகலாம். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் ஓய்வு வயது 65, ஐந்து வருடம் கூடுதலாகக் கையில் இருக்கும். அங்கே இதே ஐயா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே போயிருப்பேன்.

தேர்ந்தெடுக்கும் முன் ஓர் இரவு உட்கார்ந்து ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே அவருடைய உண்மையான ஆர்வம் எது, கடைசியாக எந்த வருடம் ஒருவரை முடிக்க வைத்தார் என்பது தெரிந்துவிடும். பதிவு செய்த தேதியும் போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், எத்தனை வருடம் இழுத்தது என்று கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஓய்வு தேதி மட்டும் அதில் இருக்காது. பேராசிரியரிடமே போய் வயது கேட்கச் சங்கடமாக இருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் துறையில் இருந்த அலுவலக உதவியாளருக்கு ஒவ்வொருவரும் எந்த மாதம் போகிறார் என்பது விரல்நுனியில் இருந்தது. விழாவுக்கு மாலை வாங்குவது அவர்தான்.