பத்து வெள்ளி ரப்பர் சப்பாத்தும் தாமான் நெகாரா காடும்

மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவுக்குப் புறப்படுகிறவர்கள் பேருந்து, படகு, சாப்பாடு என எல்லாச் செலவையும் இறுக்கிப் பிடிப்பார்கள். சப்பாத்து என்று வந்ததும் மட்டும் 400, 500 வெள்ளியை (ரிங்கிட்டை) தயங்காமல் எடுத்து வைப்பார்கள். காட்டுக்குப் போகிறோம், நல்ல பூட்ஸ் வேண்டும் என்ற எண்ணம். அந்தப் பணம் தேவையில்லை. தீபகற்ப மலேசியாவின் தாழ்நில ஈரக்காட்டில், ஓரிரு நாள் நடைக்கு, 10 முதல் 15 வெள்ளிக்குள் கிடைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து அந்த பூட்ஸைவிட நன்றாக உழைக்கிறது. அது கைவிடும் இடங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

ஊரில் இதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயர். ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்பத்து (கிராமத்து) மக்கள் வைத்த செல்லப்பெயர் அது. கடையில் ‘காசுட் கெத்தா’ (மலாயில் ரப்பர் சப்பாத்து) என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேல்பாகம், அடிப்பாகம் என்று தனித்தனியாக ஒட்டாமல், முழுச் சப்பாத்தும் ரப்பரில் ஒரே அச்சில் வார்த்தது. அடியில் காற்பந்துச் சப்பாத்துக்கு இருப்பதுபோல் சின்னச் சின்ன முளைகள். கயிறு கிடையாது, காலை நுழைத்தால் போதும். விடியுமுன் பனி சொட்டும் புதருக்குள் ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்களின் காலில் கிடந்தது இதுதான் என்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரத்துப் பால்தான் இந்தச் சப்பாத்தாகவும் ஆகிறது. சபாவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்களும் இதைப் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது ஈரத்தைப் பார்த்தால் புரியும். மழைக்காட்டில் காலை நனையாமல் காப்பாற்ற முடியாது. மேலிருந்து மழை, பக்கத்திலிருந்து இலைநீர், கீழே ஓடை. நீர்புகாச் சவ்வு வைத்த பூட்ஸ் முதல் ஓடை வரைதான் தாங்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கியதும் மேல்வாய் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். அதன்பிறகு வெளியே இருந்து வரும் நீரைத் தடுக்க வைத்த அதே சவ்வு, உள்ளே போன நீரை வெளியே விடாது. பஞ்சும் தோலும் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் நிரம்பியிருக்கும் இடத்தில் ஒரு ராத்திரியில் அது காயாது. மறுநாள் காலையில் கனத்த, குளிர்ந்த, நாறும் பூட்ஸில் காலை நுழைக்க வேண்டியதுதான். ரப்பர் சப்பாத்தில் தண்ணீரைக் குடிக்க எதுவும் இல்லை. ஓடையைக் கடந்ததும் கழற்றிக் கவிழ்த்து, காலுறையைப் பிழிந்து மாட்டினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அடுத்தது பிடிமானம். பூங்காவின் நுழைவாயிலான கோலா தாஹானிலிருந்து புக்கிட் தெரெசெக் குன்றில் ஏறும் பாதையிலேயே இதைப் பார்க்கலாம். மண்ணுக்கு மேல் வேர்கள் படிக்கட்டுபோல் குறுக்கே ஓடுகின்றன. ஆள் நடந்து நடந்து பட்டை தேய்ந்து, மழை விழுந்ததும் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் அந்த வேரின் மேல் பலகைபோல் உட்காருகிறது. தொடுவது ஒரு கோடு அளவுதான், காலை ஊன்றியதும் பக்கவாட்டில் சறுக்குகிறது. ரப்பர் சப்பாத்தின் அடி மெல்லியது. விரல் தடிமன் வேரை மிதித்தால் அதன் மேலேயே வளைந்து கவ்வுகிறது. மிதித்தது வேரா, கல்லா, அழுகிய மரமா என்று உள்ளங்காலுக்குத் தெரியும், உடம்பு எடையை ஏற்றுவதற்கு முன்பே தெரியும். சேற்று இறக்கத்தில் முளைகள் மண்ணில் பதிந்து நிற்கின்றன.

ஆனால் ஆற்றுப் பாறை வேறு கதை. பச்சைப் பாசி படிந்த வழவழப்பான உருண்டைப் பாறையில் முளை வைத்த அடிப்பாகம் பெரிதாக உதவாது, முளைகளின் நுனி மட்டுமே பாறையைத் தொடுகிறது. அங்கே பாறை மேல் கால் வைக்காமல் இரண்டு பாறைகளுக்கு இடையே உள்ள மணலில் வைத்து, காலைத் தூக்காமல் நகர்த்தி, கையில் ஒரு கம்போடு கடப்பதே சரி.

வாங்கும்போது ஏமாறுவது ஒரே விஷயத்தில். இதே அச்சில், இதே கறுப்பில், பி.வி.சி. பிளாஸ்டிக்கில் வார்த்தவையும் விற்கிறார்கள். அது ஈர வேரில் வழுக்கும், மடியும் இடத்தில் சீக்கிரம் வெடிக்கும். சப்பாத்தின் முன்பாகத்தைக் குதிகால்வரை மடக்கிப் பாருங்கள். ரப்பர் எதிர்ப்பில்லாமல் மடிந்து, விட்டதும் துள்ளி நேராகும். பிளாஸ்டிக் முரண்டு பிடிக்கும், மடிப்பில் வெளுத்த கோடு விழும். நகத்தால் அழுத்தினால் ரப்பரில் தடம் நிற்காது. மோந்து பார்த்தால் சைக்கிள் டயர் வாடை வர வேண்டும். அதிகப் பளபளப்பு நல்ல அடையாளம் இல்லை.

அளவு பார்க்க, காட்டில் போடப்போகும் காலுறையை மாட்டிக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். குதிகால் தூக்கும்போது சப்பாத்து கூடவே வர வேண்டும். விரல்களுக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் முன்னே சரிந்து பெருவிரல் நகம் கறுத்துவிடும். தளர்வாக வாங்கினால் அதைவிடத் தொல்லை, முழங்கால் சேற்றில் கால் மட்டும் வெளியே வரும், சப்பாத்து உள்ளேயே தங்கிவிடும். பெரிய கால் உள்ளவர்கள் நகரத்திலேயே தேடி வாங்கிக்கொள்வது நல்லது, பெரிய அளவுகள் சிறிய கடைகளில் கிடைப்பது அரிது. மற்றவர்கள் பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள ஜெராண்டுட் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். காட்டுக்குப் போகும் வேன்கள் அங்கிருந்தும் புறப்படுகின்றன.

புதுச் சப்பாத்தை அப்படியே மாட்டிக்கொண்டு காட்டில் இறங்கக் கூடாது. உள்ளே கையை விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய ரப்பர்ப் பிசிர் நீட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் குதிகாலுக்கு மேலும் சுண்டுவிரல் பக்கமும். வெறும் அரை மில்லிமீட்டர்தான், ஆனால் ஈரக்காலில் மூன்று மணி நேரம் உரசினால் தோல் உரிந்துவிடும். சவர அலகால் சீவி, மணல்தாளால் இரண்டு முறை தேய்த்தால் போகும். புறப்படுவதற்கு முந்திய வாரம் நனைந்த காலுறையோடு இரண்டு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும், காய்ந்த காலில் நடந்து பார்ப்பது சோதனையாகாது. சிவந்த இடம் எதுவோ அங்கே காட்டுக்குப் போகும் காலையில், தோல் காய்ந்திருக்கும்போதே, மருத்துவ ஒட்டுத்துணி ஒட்டிவிடுங்கள்.

அடி மெல்லியது என்பதால் சரளைக்கல்லில் உள்ளங்கால் வலிக்கும். துணி வைத்த உள்தகடு போடாதீர்கள். தண்ணீரைக் குடித்துச் சுருண்டு, விரலடியில் உருண்டையாகிவிடும். தண்ணீர் உறிஞ்சாத நுரைத்தகடு ஒன்றைக் கால் அளவுக்கு வெட்டிப் போடலாம். அப்படிப் போடுவதென்றால் சப்பாத்து வாங்கும்போதே அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தானே வடிய சிலர் பக்கவாட்டில் துளை போடுகிறார்கள். போடலாம், ஆனால் கத்தியால் கீறக் கூடாது. கீறலின் இரண்டு நுனியிலிருந்தும் ரப்பர் கிழிந்துகொண்டே போகும். செருப்புத் தைப்பவரிடம் உள்ள வட்டத்துளைக் கருவியால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு போதும். இதற்கு ஒரு விலையும் உண்டு, அந்தத் துளை வழியே மணலும் வரும், அட்டையும் வரும்.

அட்டைதான் இந்தச் சப்பாத்தின் பெரிய குறை. கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுவதால் அது எதையும் தடுக்காது. தமிழில் எல்லாமே அட்டைதான். மலாயில் நிலத்தில் இருப்பது பாச்சாட், தண்ணீரில் இருப்பது லிந்தா. இந்தக் காட்டில் நம் காலில் ஏறுவது பாச்சாட். சருகில் நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருப்பது ஒரு வகை. இலை மேல் இருந்து இடுப்புக்கு மேலே ஏறும் வரிப் புலி அட்டை இன்னொரு வகை, அது கடித்தால் சுருக்கென்று தெரியும். காற்பந்துக் காலுறை போதும் என்று பலரும் சொல்வார்கள். அதன் பின்னல் கண்கள் பெரியவை. பசித்த அட்டை நூல்போல் மெலிந்து அதற்குள் நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில், முழங்காலுக்குக் கீழே நாடா வைத்துக் கட்டும் அட்டைக் காலுறை வாங்குங்கள். பூட்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான். கால்சட்டையை அதற்குள் திணித்து, மேலே நாடாவை முடிச்சுப் போட வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புகையிலைத் தண்ணீர், சவர்க்காரம் பூசுவது பயன் தரும், ஆனால் அடுத்த ஓடை வரைக்கும்தான்.

கடித்துவிட்டால் நெருப்பு, உப்பு எதுவும் வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைதான் வாய். அதன் அருகே தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும், பிறகு தடித்த முனையைத் தள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை விடும் பொருளால் காயம் நெடுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

எந்தப் பாதைக்கு இது போதும்? புக்கிட் தெரெசெக், லாத்தா பெர்கோ போன்ற ஒருநாள் நடைகளுக்கு இதைவிட வேறெதுவும் வேண்டாம். கோலா தாஹானிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் நடந்து விலங்குகளைப் பார்க்கக் கட்டிய பும்புன் கும்பாங் மறைவிடத்தில் ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதற்கும் போதும். மூட்டை 8 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்தச் சப்பாத்தில் கணுக்காலுக்குத் தாங்கல் இல்லை. முதுகில் 12, 15 கிலோ ஏறினால் பழகாத காலுக்கு இரண்டாம் நாளே உள்ளங்கால் நரம்பு இழுக்கும். தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான 2,187 மீட்டர் குனோங் தாஹானுக்குப் பல நாள் சுமையோடு போகிறவர்களில், ஏற்கெனவே இந்தச் சப்பாத்தில் நடந்து பழகியவர்கள் மட்டும் இதை நம்பலாம். மற்றவர்கள் கெட்டியான சப்பாத்தில் நடந்து, ஆற்றுக்கும் முகாமுக்கும் இதை மூட்டையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கினபாலுவுக்கு முதல்முறை ஏறுகிறவர்களுக்கும் பரிந்துரைக்க மாட்டோம். உச்சியில் விடியற்காலைக் குளிர் உறைநிலையை நெருங்கும், ஈர ரப்பருக்குள் விரல் மரத்துவிடும். ரோத்தான் (பிரம்பு) முள் அடர்ந்த, பாதையில்லாத புதரிலும் கவனம் தேவை, பக்கச் சுவரை முள் குத்திவிடும்.

சேறு உறிஞ்சும் இடங்களுக்கு மோட்டார் சைக்கிள் டியூப்பில் நீளவாக்கில் 60 செ.மீ. பட்டை இரண்டு வெட்டி எடுத்துப் போங்கள். உள்ளங்கால் பள்ளத்தின் அடியில் கொண்டுபோய், மேலே குறுக்காக எடுத்து, கணுக்காலின் பின்னால் சுற்றிக் கட்டினால் சப்பாத்து கழலாது. சப்பாத்து கிழிந்தாலும் அந்தப் பட்டையே மருந்து. கிழிந்த இடத்தைக் காயவைத்து, மணல்தாளால் சொரசொரப்பாக்கி, டயர் ஒட்டும் ரப்பர் பசையைச் சப்பாத்திலும் டியூப் துண்டிலும் மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாமல் இழுக்கும் பதம்வரை சில நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டாது, பூசியதும் அழுத்தினாலும் நிற்காது. விலையுயர்ந்த பூட்ஸுக்கு இப்படி நடுக்காட்டில் வைத்தியம் செய்ய முடிவதில்லை. அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்த பூட்ஸின் நடு அடுக்கில் உள்ள பாலியூரித்தேன் நுரை வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், நடக்கத் தொடங்கியதும் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று விழும். அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

நாள் முழுக்க நனைந்த கால் ராத்திரியாவது காய வேண்டும். தோல் வெளுத்துச் சுருங்கி மெத்தென்று ஆகிவிட்டால் சின்ன உரசலும் புண்ணாகும். அந்தப் புண்ணோடு ஆற்றுத் தண்ணீரில் இறங்குவது எலிக்காய்ச்சல் கிருமிக்கு வழி திறப்பதுபோல. தூங்க மட்டும் ஒரு ஜோடி காலுறையை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அதைத் தொடவே கூடாது. காலையில் மறுபடியும் ஈரக் காலுறையைத்தான் மாட்ட வேண்டும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். சப்பாத்தை மாட்டுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேளும் பூரானும் அதில் தங்க விரும்பும்.

வீடு திரும்பியதும் சேற்றைக் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும், மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்டால் ஊதிக் கூழாகும். கார் பின்பெட்டி வெயிலில் அடுப்புபோல் கொதிக்கும், அதிலும் விட்டுவைக்காதீர்கள்.