நூறு வெள்ளிக்குள் ஒரு லைட்சேபர், வாங்கலாமா?

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பொம்மைக் கடையில், ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகன் லூக் ஏந்தும் லைட்சேபர் எனும் ஒளிவாளின் கைப்பிடி நகல் ஒன்றை 90 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். அலமாரியில் வைக்கத்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். கையில் எடுத்துப் பிடிக்கும் ஆசை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

1977 படத்தில் வந்த அசல் கைப்பிடி, கிராஃப்லெக்ஸ் என்ற பழைய கேமரா ஃபிளாஷின் பிடியிலிருந்து செய்தது. உலோகக் குழாய், அந்தக் கனமும் ஜில்லிப்பும்தான் அதன் அழகே. இது பிளாஸ்டிக்கில் சாயம் பூசியது, இரண்டு பாதியை ஒட்டிய கோடு நீளவாட்டில் அப்படியே தெரிகிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. சிவப்புப் பொத்தான் அழுந்தாது, சும்மா ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் வடிவம் அருமை, கீழே கறுப்புப் பட்டைகள் கோணாமல் நேராக நிற்கின்றன, நாலடி தள்ளி நின்று பார்த்தால் மனசு நிறைந்துவிடுகிறது.

இந்த விலைக்கு எனக்குத் திருப்திதான். 150 வெள்ளிக்கு மேல் கேட்டால் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சேர்த்து உலோகத்திலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒட்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை.