காற்றுச் செயலியும் பெரியப்பாவும்

வல்வெட்டித்துறையிலிருந்து திருகோணமலைக்குப் பாய்ப்படகில் போகத் தை கடைசியில் நாள் குறித்திருந்தோம். ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அதற்காகத்தான் இந்தக் காற்றுச் செயலியைப் போனில் இறக்கினேன். இலவசம்.

பிடித்த விஷயம், ஐரோப்பிய வானிலைக் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். அன்று ஒன்று காற்றின் வேகம் 14 நொட் (மணிக்கு 14 கடல்மைல்) என்றது, மற்றது 22. முல்லைத்தீவுப் பக்கம், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று படகைக் கரைக்குத்தான் தள்ளும். பாய் கிழிந்தால் ஒதுங்க நல்ல துறைமுகமும் இல்லை. பெரியப்பா திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டு, "பொறடா தம்பி, வாடை இன்னும் அடங்கேல்லை" என்றார். வல்வெட்டித்துறை, அன்னபூரணி என்ற கப்பலைக் கட்டிய ஊர். 1938இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்த பாய்க்கப்பல். இவரோடு என்ன வாதாடுவது?

சரி, நான்கு நாள் தள்ளிப்போட்டோம். வாங்கிவைத்த பாண் காய்ந்ததுதான் நட்டம்.

குறையும் உண்டு. திடீர் வீச்சின் வேகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடலுக்குள் சிக்னல் போனால் படம் அப்படியே நின்றுவிடும். அதனால் புறப்படும் முன் திரையைப் படம் பிடித்து வையுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.