கோயில் விளக்கு எண்ணெயை அகச்சிவப்பு சோதனைக்குக் கொடுத்த கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயில் விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெய் புகையாய்க் கக்கியது, மண்ணெண்ணெய் வாடை வேறு, சரி என்று டர்பனில் ஒரு சோதனைக்கூடத்தில் அகச்சிவப்பு நிறமாலை (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்தப் பகுதியைப் பொருள் உறிஞ்சுகிறது என்று காட்டும் கோட்டுப்படம்) எடுக்கக் கொடுத்தேன். கருவியில் உள்ள வைரப் படிகத்தின் மேல் ஒரு சொட்டு, அவ்வளவுதான் வேலை. அசல் எண்ணெய் என்றால் அதன் மூலக்கூறில் உள்ள எஸ்டர் என்ற தொகுதியின் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை, அதாவது அது ஒளியை உறிஞ்சும் இடம், படத்தின் கிடை அளவில் 1745 செ.மீ⁻¹ பக்கம் ஓங்கி நிற்க வேண்டும்; இதில் அங்கே சின்னதாக ஒன்று, 2900 பக்கம் கார்பன்-ஹைட்ரஜன் பட்டைகள் மட்டும் கொழுத்துக் கிடந்தன, அதாவது பெரும்பாலும் எஸ்டர் இல்லாத பெட்ரோலியச் சரக்கு. மீதி நல்லெண்ணெயா சூரியகாந்தியா என்று கேட்டதற்கு, இரண்டிலும் அதே எஸ்டர் தொகுதிதான், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள், பிடித்திருந்தது. ஆனால் அறிக்கை வெறும் கோட்டுப்படம், எந்தப் பட்டை எது என்று ஒரு வரி இல்லை, விளக்கத்துக்குத் தனிக் காசாம்! வேதியியல் படித்த மருமகள் வீட்டில் இருந்ததால் தப்பித்தேன்.