கடற்காற்றில் லேசர் புரொஜெக்டர்: மூன்று மழைக்காலத்துக்குப் பின் டயோடு வயரிங்

புதுச்சேரியில் கடற்கரைக்கு நடைதூரத்திலுள்ள மாடி அறையில், மூன்று வடகிழக்குப் பருவமழையைத் தாண்டிய மூவண்ண புரொஜெக்டர் இது. சிவப்பு 638, பச்சை 520, நீலம் 445 நானோமீட்டர். பகிர்வது டிரைவருக்கும் (லேசருக்கு மின்சாரம் தரும் பலகை) லேசர் டயோடுக்கும் நடுவே ஓடும் 10 சென்டிமீட்டர் வயரைப் பற்றி. டயோடுகள் பெரும்பாலும் சாவது அங்கேதான்.

டிரைவரின் வேலை மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருப்பது. வயர் கணநேரம் விட்டுப்போனால், ஓட்டம் குறைந்ததென்று அது மின்னழுத்தத்தை ஏற்றும். வெளியீட்டிலுள்ள கெபாசிட்டரும் அந்த அளவுக்கு நிரம்பும். தொடர்பு திரும்ப ஒட்டியதும் அத்தனையும் டயோடுக்குள் பாயும். ஒளி வெளிவரும் முகப்பு கருகிப்போய், எல்.இ.டி. போல மங்கலாக எரியும். அதற்கு மேல் அதைக் காப்பாற்ற முடியாது.

உப்புக்காற்று இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. கழற்றி மாட்டும் கனெக்டரின் பின்கள் ஒரு மழைக்காலத்திலேயே கறுத்துவிடும். டயோடு பக்கம் கனெக்டரே வேண்டாம். இரண்டு வயரையும் முறுக்கி, காலில் நேரடியாக ஈயம் வைத்து, சுருங்கு குழாய் போடுங்கள். ஈயம் வைக்கும்போது மெல்லிய செம்புக் கம்பியால் கால்களைச் சேர்த்துச் சுற்றிவையுங்கள். ஒரு காலுக்கு 3 நொடிக்கு மேல் சூடு வேண்டாம். கையில் நிலைமின் பட்டை கட்டாயம்.

மின்னோட்டத்தை லேசர் டயோடை வைத்து அளக்கக் கூடாது. 1என்5408 என்ற சாதாரண ரெக்டிஃபையர் டயோடுகளைத் தொடராகக் கோத்து (சிவப்புக்கு 2, மற்ற இரண்டுக்கும் 4), கூடவே 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்துப் போலிச்சுமை செய்துகொள்ளுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ, அத்தனை மில்லிஆம்பியர். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துத் தொடராகச் செருகினால், குச்சி நழுவும் கணத்தில் மேலே சொன்ன விபத்துதான். அளவு வைத்து மின்சாரத்தை நிறுத்தியபின், டிரைவர் வெளியீட்டைக் குறுக்கிணைத்துக் கெபாசிட்டரை வடித்துவிட்டே டயோடை இணையுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது உலோகக் கூட்டில். சில டயோடுகளில் கூடும் ஒரு காலும் ஒன்றே. பல டிரைவர்களிலோ டயோடின் எதிர்முனை (நெகட்டிவ்) நேராக கிரவுண்டுக்குப் போகாது. கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரும் அளவுகாட்டும் ரெசிஸ்டரும் இடையில் இருக்கும். எதிர்முனையோடு சேர்ந்த கூடு, கிரவுண்டான ஹீட் சிங்கைத் தொட்டால் அவை இரண்டும் ஓரங்கட்டப்பட்டு, சப்ளை முழுவதும் டயோடின் தலையில் இறங்கும். மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு காலுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே ஓம் பாருங்கள். இணைந்திருந்தால் மைக்கா தாள் அவசியம்.

லேசர் டயோடின் கால்களுக்கு ஒட்டி, 1என்5819 ஷாட்கி டயோடு ஒன்றைத் தலைகீழாக இணையுங்கள். எதிர்த்திசை மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். இன்டர்லாக் எனும் பாதுகாப்புத் துண்டிப்பு (லேசர் காட்சிக் கருவிகளின் ஐ.எல்.டி.ஏ. கனெக்டரில் பின் 4, 17) டிரைவருக்கு வரும் சப்ளையைத் துண்டிக்கட்டும், டயோடு வயரில் எந்த சுவிட்சும் கூடாது.

டயோடுகளைக் குளிர்விக்கும் குளிரூட்டி வைத்திருந்தால் இன்னொரு கவனம். 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 27 டிகிரி. வடக்கில் எழுதிய வழிகாட்டியை நம்பி 20-இல் வைத்தால் லென்ஸிலும் கால்களிலும் நீர் பூக்கும். இங்கே 29, 30 போதும். சிவப்பின் வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பெட்டியை ரப்பர் கேஸ்கெட் வைத்து மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் உலர்த்தி வையுங்கள்.